சர்க்கரைப் புண்ணுக்கான கட்டு: ஆய்வகத்தில் தேறியது பாதத்தில் ஏன் தவறுகிறது?

"காத்தாட விடு, காஞ்சா ஆறிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறு. மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் படர்கிறது என்று ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் 1962-லேயே பன்றிகளில் காட்டினார். கைட்டோசான், கொலாஜன் (விலங்குத் தோலில் உள்ள புரதம்), ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுப்பது) கட்டுகள் எல்லாமே முதலில் அந்த ஈரத்தை அளவோடு காப்பதற்காகத்தான்.

இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானை எடுத்துக்கொள்வோம். 1% அசிட்டிக் அமிலத்தில் 2% அளவுக்குக் கரைத்து, குமிழிகளை நீக்கி, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினால் பஞ்சு போன்ற தகடு கிடைக்கும். மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகி, துளைகளும் பெரிதாகும். பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். மிச்ச அமிலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கிக் கழுவாவிட்டால் புண் எரியும். தகடும் புண்நீரில் கரைந்து கூழாகிவிடும். உறுதிக்காகச் சேர்க்கும் குளூட்டரால்டிஹைடு எஞ்சியிருந்தால் செல்களையே கொல்லும்.

நுண்ணுயிர் நீக்கத்தில் இன்னொரு சிக்கல். நீராவியில் கொலாஜன் சுருங்கிச் சிதையும். வழக்கமாகக் கொடுக்கும் 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) காமா கதிர் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டும். அதனால் உறுதி, நீர் உறிஞ்சும் அளவு, செல் நச்சுத்தன்மை எல்லாவற்றையும் கதிரூட்டிய தகட்டில்தான் சோதிக்க வேண்டும். கதிருக்கு முன் எடுத்த அளவுகள் நோயாளியிடம் போகும் பொருளைப் பற்றியவை அல்ல.

எலிச் சோதனையும் ஏமாற்றும். எலியின் தோல் தளர்வானது; அடியில் மெல்லிய தசைப்படலம் உண்டு. காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும். மனிதப் பாதத்தில் அந்த வசதி கிடையாது. காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் தைத்து, சுருங்கவிடாமல் பார்த்த முடிவுகளையே நாங்கள் நம்புகிறோம்.

பாதத்துக்கு வருவோம். நீர் அதிகம் கசியும் புண்ணுக்கு ஆல்ஜினேட் பொருந்தும். காய்ந்த புண்ணில் அதே ஆல்ஜினேட் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது புதுத்திசுவும் பிய்ந்து வரும். கசியும் புண்ணில் ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த கூழ்க் கட்டு) வைத்தால் ஓரத்தோல் ஊறி வெளுத்துவிடும்.

விலை உயர்ந்த தகட்டை வைத்துவிட்டுப் பழைய செருப்பிலேயே நடந்தால் ஒரு பயனும் இல்லை. மரத்துப்போன பாதத்தில் ஒவ்வோர் அடியும் புதுத்திசுவை நசுக்குகிறது. அழுத்தம் நீக்கும் மாவுக்கட்டு அல்லது காலணி, இரத்த ஓட்டச் சோதனை, இறந்த திசுவையும் காய்ப்பையும் அகற்றுதல், தொற்றுக்கு மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவை முதலில். சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல், ஆறவைப்பதற்காகவே கொலாஜன், ஆல்ஜினேட் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. இத்துறையில் உழைப்பவர்களுக்கு அது கசக்கும். ஆனாலும் நோயாளியிடம் அதை மறைக்கக் கூடாது. மாடு, பன்றி, இறால் எதிலிருந்து வந்த பொருள் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். முறையாகப் பார்த்தும் 4 வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், கட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல் இரத்த ஓட்டத்தையும் எலும்புத் தொற்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.