குவாங்குன்: சீனத்து ஒண்டிக்கட்டை

கல்யாணமாகாத ஆணைச் சீனர்கள் 'குவாங்குன்' என்பார்கள். 'குவாங்' என்றால் மொட்டை. 'குன்' என்றால் தடி. இலையில்லை, தளிரில்லை, வெறுந்தடி. ஆங்கிலத்தில் இது 'மொட்டைக் கிளை' ஆகிவிட்டது. அதைப் பார்த்து நாமும் கிளை என்று எழுத வேண்டியதில்லை. நம்மிடமே 'ஒண்டிக்கட்டை' இருக்கிறது. அங்கே தடி, இங்கே கட்டை!

ஒரு வேறுபாடு உண்டு. ஒண்டிக்கட்டை ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். குவாங்குன் ஆணுக்கு மட்டும். 'கட்டைப் பிரம்மச்சாரி' சரிவராது. அதில் கல்யாணமே வேண்டாமென்று இருப்பவனின் சாயல் வந்துவிடும். இவனோ வேண்டுமென்று ஏங்கியும் பெண் அமையாதவன்.

சீனாவை ஆண்ட சிங் அரசமரபின் காலத்துச் சட்டத்தில் இச்சொல்லுக்குப் போக்கிரி என்று பொருள். குடும்பமில்லாதவன் எதற்கும் துணிவான் என்ற அச்சம் அது. இன்றைய குவாங்குன்னை உண்டாக்கியது வேறு. 1980 வாக்கில் ஒரு குழந்தைக் கொள்கை வந்தது. ஸ்கேன் கருவி வந்தது. ஆண் வாரிசு ஆசை மட்டும் போகவில்லை. 2004-ல் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 121 ஆண் குழந்தைகள் பிறந்தன. 2020 கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் சுமார் 3.49 கோடி பேர் அதிகம். கிராமத்துப் பெண்கள் வேலைக்கு நகரம் போய்விட, மாப்பிள்ளை வீட்டார் தரும் 'சாய்லி', அதாவது பரிசம், ஏறிக்கொண்டே போகிறது. ஏழை விவசாயி மகன்தான் கடைசியில் தடியாக நிற்கிறான்.

இளைஞர்கள் இச்சொல்லைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1993-ல் நான்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒண்டிக்கட்டை நாள் நவம்பர் 11-இல் வருகிறது. 11.11 என்று எழுதிப் பாருங்கள், நான்கு தடிகள் நிற்கும். 2009-ல் இணைய வணிக நிறுவனமான அலிபாபா அதைத் தள்ளுபடித் திருவிழாவாக்கியது. பள்ளிக் காதலை 'ட்சாவ்லியன்', அதாவது வயதுக்கு முந்திய காதல், என்று அதட்டும் பெற்றோர்தான், படிப்பு முடிந்ததும் "இன்னும் யாரும் அமையலையா?" என்று நச்சரிப்பார்கள்.

ஷாங்காய் மக்கள் பூங்காவில் வார இறுதிகளில் அவர்களைப் பார்க்கலாம். விரித்த குடைமேல் பிள்ளையின் வயது, உயரம், படிப்பு எழுதிய தாளை ஒட்டிவைத்துக் காத்திருப்பார்கள். அங்கே மகள்களின் தாள்களே அதிகம். ஆண்கள் மிகுந்த நாட்டில், படித்து வேலைக்குப் போகும் அந்தப் பெண்களுக்கு 'ஷெங்நு' என்று பெயர். 'முதிர்கன்னி' என்று பெயர்த்தால் அதன் கொடுமை தெரியாது. 'ஷெங்' என்றால் மீந்தது. தட்டில் மீந்த சோற்றுக்கும் அதே சொல்தான்.