அத்திவாரம் எத்தனை அடி? மருதமரத்தைக் கேளுங்கள்

போருக்குப் பிறகு வன்னியில் மீள்குடியேற்றக் காலத்தில் நான் மேற்பார்த்த வீடுகளில் அனேகமானவற்றுக்கு அத்திவாரம் தரைக்கு மேல் 18 அங்குலம். ஏன் 18 என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் தந்த மாதிரிப் படத்தில் அப்படி இருந்தது. மதிப்பீட்டுத் தாளிலும் அதற்குத்தான் காசு இருந்தது. கிளிநொச்சியில் பன்னங்கண்டிப் பக்கம் ஒரு வளவில் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரி, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, "இது எருமை படுக்கிற பள்ளம் தம்பி" என்று சொன்னார். சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் 14 வான்கதவுகளும் திறந்தன. கனகராயன் ஆறு கரையைத் தாண்டிப் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை என்று இறங்கியது. தண்ணீர் வடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒரு கோடு. அளந்து பார்த்தால் தரையிலிருந்து இரண்டரை அடி. அதாவது வீட்டுக்குள் ஒரு அடி தண்ணீர். "நான் அப்பவே சொன்னனான், நீங்கள் ரேப்பைத்தான் பாத்தியள்" என்றார் அம்மா. கோபமில்லாமல் சொன்னதுதான் இன்னும் உறைக்கிறது.

கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, யார் திறக்கச் சொன்னது என்ற வாக்குவாதம் அப்போது பெரிதாக நடந்தது. அது நடக்கட்டும். என் தொழிலுக்குள் வருவது வேறு கேள்வி: வெள்ளம் வரும் என்று ஊருக்கே தெரிந்த இடத்தில், வெள்ளத்தின் உயரத்தைக் கேட்காமல் ஏன் வீடு கட்டினோம்?

நமது குடியேற்றத் திட்டங்களைப் போட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இரணைமடுவின் கீழே உருத்திரபுரத்திலோ வட்டக்கச்சியிலோ காணி கொடுத்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் வயற்காணி வேறு, மேட்டுக்காணி வேறு. வீடும் தென்னையும் மேட்டில், நெல் பள்ளத்தில். அப்பு கட்டிய வீட்டுக்குள் அனேகமாகத் தண்ணீர் வராததற்கு அதுதான் காரணம். பிறகு மேட்டுக்காணி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தது. பேரப்பிள்ளைகளின் முறை வந்தபோது மேட்டில் இடமில்லை. வயல் ஓரத்தில் நாலு லோட் கிறவல் கொட்டி வீடு எழும்பியது. இன்று வெள்ளம் என்றதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற குடும்பங்களில் எத்தனை பேரின் வீடு வயற்காணியில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். மழை கூடிவிட்டது என்ற பேச்சுக்கு முன்னால் இதைப் பேச வேண்டும்.

ஆகவே வீடு கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது படத்தை அல்ல, காணியின் பெயரையும் மரத்தையும். வன்னியில் ஊர்ப்பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மடு, மோட்டை, தாழ்வு, பள்ளம் என்று முடிகிற இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதைப் பெயர் வைத்தவன் கண்டிருக்கிறான். மரம் இன்னும் நம்பகமான சாட்சி. பாலையும் வீரையும் நெருக்கமாக வளர்ந்து நின்றால் அது மேட்டு நிலம், தண்ணீர் தங்காது. மருது நின்றால் அங்கே ஆறோ அருவியோ ஓடுகிறது, அல்லது ஒரு காலத்தில் ஓடியது. கோரையும் நாணலும் முளைக்கிற மூலையில் மலசலகூடக் குழி வெட்டக் கூடாது. காணியைத் துப்புரவாக்க புல்டோசர் வருவதற்கு முன்னர் இதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மரத்தை விழுத்திய பிறகு சாட்சி இல்லை.

அடுத்தது அயல் வீட்டுச் சுவர். 2008 நவம்பரில் நிஷா புயல், 2018 டிசம்பர், 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பர் கடைசி மழை, 2025 நவம்பரில் டித்வா. நவம்பரிலோ டிசம்பரிலோதான் ஒவ்வொன்றும் வந்திருக்கிறது. இவற்றில் எது உங்கள் ஒழுங்கைக்குள் உயர ஏறியது என்று ஒருவரைக் கேட்காதீர்கள், மூன்று பேரைக் கேளுங்கள். அதில் ஒருவர் சமைக்கிறவராக இருக்கட்டும். ஆண்கள் "இடுப்பளவு" என்று கையால் காட்டுவார்கள். குசினியில் நின்றவர் எந்தத் தட்டு நனைந்தது, எந்தத் தட்டு தப்பியது என்று சொல்வார். அதை அளக்கலாம்.

அந்தக் கோட்டை உங்கள் காணிக்குக் கொண்டுவர பெரிய கருவி தேவையில்லை. மேசன்மாரிடம் இருக்கிற ரியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாய், போதும். ஒரு முனையை அயல் வீட்டுக் கோட்டில் பிடித்து, மறு முனையை உங்கள் வளவில் நட்ட கம்பில் பிடித்தால் வெள்ளத்தின் உயரம் கம்பில் வந்து நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருந்தால் பொய் சொல்லும். அதை மட்டும் தட்டி வெளியேற்றிவிடுங்கள். ஆற்றோரத்தில் தண்ணீர் சரிவாக இறங்குவதால் தூரத்து வீட்டுக் கோடு உதவாது, பக்கத்து வீட்டைத்தான் எடுக்க வேண்டும். கம்பில் வந்த அந்த அடையாளத்துக்கு மேலே குறைந்தது ஒரு அடி விட்டு வீட்டின் நிலமட்டத்தை வையுங்கள். இரண்டு அடி விட்டால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

"அவ்வளவு உயரத்துக்குக் காசு எங்கே?" என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். நமக்கெல்லாம் பழகிய 550 சதுர அடி வீட்டை ஒரு அடி கூட்டினால் உள்ளே நிரப்ப வேண்டியது 550 கன அடி, அதாவது ஐந்தரை கியூப். இடித்து இறுக்கும்போது குறைவதையும் சேர்த்து ஏழு கியூப் கிறவல். மூன்று கியூப் ஏற்றுகிற ரிப்பரில் இரண்டரை லோட்டுக்குள் முடியும். அதோடு சுற்றிவர ஒன்றரை வரி கல்லும் சாந்தும் கூலியும். முன்விறாந்தைக்கு வாங்குகிற பளபளப்பு ரைலின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வேன். ரைலைப் பிறகும் போடலாம். கட்டி முடித்த வீட்டைப் பிறகு லேசில் உயர்த்த முடியாது.

நிரப்புவதில்தான் அதிக பிழை நடக்கிறது. பக்கத்து வயலில் வெட்டிய களியை உள்ளே தள்ளி, மேலே மூன்று அங்குலக் கொங்கிறீற்றைப் போட்டு மூடிவிடுகிறார்கள். முதல் வெள்ளத்தில் களி ஊறும், வடிந்ததும் அமரும், நிலம் நடுவில் வெடித்துக் குழியும். கிறவலை ஆறு அங்குலத்துக்கு ஒரு படையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, அதற்கு மேல்தான் அடுத்த படை. இரண்டு நாள் கூடுதலாகும். மூன்று அடிக்கு மேல் உயர்த்தினால் அத்திவாரச் சுவர் உள்ளே இருக்கும் மண்ணையும் தாங்க வேண்டும் என்பதால் 4 அங்குலக் கல் கூடவே கூடாது. 8 அங்குலம் வேண்டும், மேலே நாலு கம்பி போட்ட பீம் உடையாமல் நாலு பக்கமும் சுற்றி வரவேண்டும்.

சரி, எவ்வளவு உயர்த்தியும் அதைவிட உயர ஒரு வெள்ளம் வந்தால்? கதவுக்கு மண்மூட்டை அடுக்கி, இடுக்கில் துணி அடைத்து, உள்ளே ஒரு சொட்டும் வராமல் காவல் காத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு அடி வரைக்கும் சரி. மூன்று அடி தண்ணீர் வெளியே நிற்க, உள்ளே காய்ந்து கிடந்தால், 20 அடி நீளச் சுவர் ஒன்றை ஏறக்குறைய இரண்டரைத் தொன் பாரம் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஓடாமல் நிற்கிற தண்ணீரே அவ்வளவு தள்ளும். 4 அங்குல புளொக் சுவர் அதற்குக் கட்டியதல்ல. வெளியே தொடைக்கு மேல் ஏறுகிறது என்று கண்டால் பெறுமதியானவற்றைப் பரணில் ஏற்றி, மெயின் சுவிட்சை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். உள்ளும் புறமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் சுவர் தப்பும். தளபாடம் போனால் வாங்கலாம். மதில்களுக்கும் இதே கதைதான்: அடியில் பத்தடிக்கு ஒரு துவாரம் விடாமல் கட்டிய மதில் வெள்ளத்தில் அப்படியே படுக்கும், அதுவும் அனேகமாக அயலவரின் மாட்டுக்கொட்டில் மேல்.

நிற்கிற தண்ணீரைவிட ஓடுகிற தண்ணீர் மோசம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும். ஆற்றோரத்து வீடுகள் பெரும்பாலும் மூலையில்தான் தொடங்கி விழுகின்றன. ஓட்டம் முட்டுகிற மூலையில் சுழி பிடித்து மண்ணை அரித்து, அத்திவாரத்தின் அடியை வெறுமையாக்கிவிடும். அதனால் அந்தப் பக்கத்தில் அத்திவாரத்தை ஆழமாக்கி, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கருங்கல் பாவி, சரிவில் வெட்டிவேர் நடச் சொல்வேன். மதகுக்கு நேர் கீழே இருக்கிற காணியும், குளத்து வான் பாய்கிற பாதையும் இதில் சேராது. அங்கே வீட்டுக்கு ஆலோசனை சொல்ல நான் வருவதில்லை. வாழை வையுங்கள்.

மன்னாரில் முருங்கன் பக்கம் போனால் கதை மாறும். அங்கேயிருப்பது கறுத்தக் களி. ஒரு காலத்தில் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கு ரயிலில் போன களி. மாரியில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். வெள்ளமே வராவிட்டாலும் அந்த அசைவில் சுவர் வெடிக்கும். அங்கே அத்திவாரக் கிடங்கை வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு இறக்கி, களியை அகற்றிக் கிறவல் நிரப்பிய பிறகுதான் கல் வைக்க வேண்டும். இன்னொன்று: அருவியாற்று வெள்ளம் நம் மழையை மட்டும் பார்த்து வருவதில்லை. அனுராதபுரத்துப் பக்கம் கொட்டியது இங்கே வெயில் எறிக்கும்போது வந்து சேரும். வானத்தைப் பார்த்து "இனிப் பயமில்லை" என்று சாமான்களைக் கீழே இறக்கக் கூடாது.

உள் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளக் பொயின்ற்களை நாலு அடிக்கு மேல் வைத்து, வயரைக் கூரையிலிருந்து கீழே இறக்குங்கள். நிலத்துக்குள்ளால் இழுக்க வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். நனைந்தால் பிளைவூட் கதவு பாணைப்போல ஊதும். பழைய முதிரை, பாலைக் கதவை விற்றுவிட்டு அதை வாங்குகிறவர்களை எனக்கு விளங்குவதில்லை. டிபிசி, அதாவது அத்திவாரத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற படை, போடும்போது தாரை மறக்காதீர்கள்.

மலசலகூடத்தைப் பற்றி மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டைவிட அதுதான் ஆளைக் கொல்லும். வீட்டை மூன்றடி உயர்த்திவிட்டு, குழியின் மூடியைத் தரைமட்டத்தில் விடுகிறார்கள். வெள்ளம் குழிக்குள் இறங்கி, உள்ளதை மேலே கொண்டுவந்து, நேரே கிணற்றுக்குள் சேர்க்கிறது. குழியின் சுவரை வெள்ளக் கோட்டுக்கு மேல் எழுப்பி, மூடியைச் சாந்தால் ஒட்ட வேண்டும். கொமட்டும் அதே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளால் பொங்கும். வெள்ளம் ஏறும்போது மண் நிரப்பிய உரப்பையைக் கொமட்டுக்குள் அழுத்தி வைத்துவிட்டுப் போங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்று எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக் கட்டின் உயரத்தை யாரும் பேசுவதில்லை. அதுவும் கோட்டுக்கு மேல்தான். வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போடாமல் குடிக்க வேண்டாம்; சேற்றைக் கழுவும்போது காலில் பூட்ஸ் இருக்கட்டும், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் எலிக்காய்ச்சல் வரும்.

வீட்டை உயர்த்துங்கள், காணியை உயர்த்தாதீர்கள். முழு வளவையும் கிறவலால் மேடாக்கினால் உங்கள் தண்ணீர் அயலவனின் அடுப்புக்குள் போகும். பிறகு அவன் உங்களைவிட ஒரு அடி கூட்டுவான். நமது வீதிகள் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறை காப்பெற் போடும்போதும் வீதி அணைக்கட்டு மாதிரி உயர்கிறது, மதகு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. வீதி வேலை தொடங்கும்போது கிராம அபிவிருத்திச் சங்கம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மதகுகள் எங்கே, எவ்வளவு அகலம்?

பன்னங்கண்டி அம்மாவின் மகன் போன வருடம் கலியாணம் முடித்து, அதே வளவில் பின்னால் வீடு போட்டார். இந்த முறை நான் குழாயோடு போனேன். பழைய வீட்டுச் சுவரில், 2018 கோட்டுக்குப் பக்கத்தில், அம்மா கரியால் கீறி வைத்த இன்னும் இரண்டு கோடுகள் இருந்தன. ஒரு முனையை அவரே பிடித்தார். மூன்று அடி போதும் என்று மகன் சொன்னார்; என் கணக்கு மூன்றரை. அம்மா ஓட்டம் வருகிற திசையில் நிற்கிற மருதமரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வரி வையுங்கோ" என்றார். மேசன் என்னைப் பார்த்தார். வையுங்கோ என்றேன்.

வாசலுக்கு ஏழு படி ஆகிவிட்டது. முழங்கால் நோகிறது என்று இப்போது அதற்கும் அம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.