மாரடைப்பு: அடைப்பு தெரியாதபோதும் மாரடைப்புதானா?

மார் + அடைப்பு. மார்பைத்தான் பேச்சில் மார் என்கிறோம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டு, தசையின் ஒரு பகுதி செத்துப்போவது. ஹார்ட் அட்டாக் என்பதைவிட இது ஒருபடி மேலான சொல்: இடத்தையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

மருத்துவர்கள் எழுதுவது மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன். முதற்சொல் கிரேக்கம், இதயத் தசை. இரண்டாவது லத்தீன், உள்ளே திணிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆக, அதன் வேரிலும் ஓர் அடைப்பு இருக்கிறது. ஆனால் இன்று அது குறிப்பது, ரத்தம் கிடைக்காமல் திசு சாவதை. துல்லியம் வேண்டிய இடத்தில் ‘இதயத்தசை இறப்பு’ என்று எழுதலாம். (இதய நிறுத்தம் வேறு. செய்திகளில் இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.)

அந்தத் துல்லியம் இளவயதினரிடம்தான் அதிகம் தேவைப்படுகிறது. இளவயதில் மாரடைப்பு ஆண்களுக்கே அதிகம். பெரும்பாலும் தமனிச் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வருவது. பெயருக்கு ஏற்ற நோய். பெண்களிடம் பல சமயம் கதை வேறு. இதயத் தசை சிதையும்போது கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறியிருக்கும். ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு எதுவும் இருக்காது. சுருக்கம் 50 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இதை மினோகா என்கிறார்கள். ‘அடைப்பில்லா மாரடைப்பு’ என்றால் சொல்லே தன்னை மறுக்கிறது. ‘பெரிய அடைப்பில்லா இதயத்தசை இறப்பு’ கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் சரி.

இன்னொன்று ஸ்காட், அதாவது ஸ்பான்டேனியஸ் கரோனரி ஆர்ட்டரி டிஸெக்‌ஷன். தமனிச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்து, சுவரே உள்பக்கம் புடைத்து, ரத்தம் போகும் வழியை நெருக்கும். இதன் முழுப்பெயரில் வரும் டிஸெக்‌ஷன், உயிரியல் ஆய்வகத்தில் தவளையை அறுக்கும் அதே சொல். இங்கே யாரும் எதையும் அறுப்பதில்லை. ‘தன்னியல்பான இதயத்தமனிக் கிழிவு’ என்பதே பொருந்தும். வருவது பெரும்பாலும் பெண்களுக்கு. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் மாரடைப்புக்கு முக்கியக் காரணம் இதுதான். பல கிழிவுகள் தாமாகவே ஆறிவிடும். வழக்கமான அடைப்பு என்று நினைத்து ஸ்டென்ட் வைக்கப்போனால் கிழிவு இன்னும் நீளக்கூடும்.

சரி, ‘மார்’? பெண்களுக்கு நெஞ்சு வலி வராது என்றொரு பேச்சு உண்டு. 18 முதல் 55 வயது வரையிலான மாரடைப்பு நோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்த விர்கோ ஆய்வு அதை ஏற்கவில்லை. பெண்களில் 87 சதவீதம், ஆண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் மார்பில் வலி, அழுத்தம் அல்லது இறுக்கத்தைச் சொன்னார்கள். பெண்களுக்கு அதோடு குமட்டல், படபடப்பு, தாடை வலி போன்றவையும் கூட்டமாகச் சேர்ந்து வந்தன. அதே அறிகுறிகளுக்காக முன்பே மருத்துவரிடம் போனவர்களில், ‘இது இதயக் கோளாறு இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் ஆண்களில் 37 சதவீதம், பெண்களில் 53 சதவீதம்.