அண்ணாச்சியின் வாட்சும் கால் கிலோ அல்வாவும்

போன மே மாதம் எடை விஷயமாக ஆலோசனை கேட்டு என்னிடம் ஒரு அண்ணாச்சி வந்தார். நெல்லை டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். வயது 52, உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. உட்காரும் முன்பே, கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சின் கணக்கைக் காட்டும் செல்போனை என் மேசைமேல் வைத்தார். "நேத்து மட்டும் 2,900 கலோரி எரிச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க மேடம். பொறவு எப்படி எடை கூடும்?"

இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தது. வாட்ச் கணக்கை நம்பி வாரம் இருமுறை கால் கிலோ அல்வா உள்ளே போயிருக்கிறது.

நாடித்துடிப்பு வரைபடத்தை இருவருமாகப் பார்த்தோம். காலை ஆறு மணிக்கு பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நடை, நாடி 118. சரி. ஏழு மணிக்கு நடை முடிந்தது. ஆனால் வாட்சில் 'நடை' என்று போட்டதை அவர் நிறுத்தவில்லை. அப்படியே கடைக்குப் போய், பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து சரக்கு எண்ணியிருக்கிறார். அக்னி நட்சத்திர வெயில், நாடி 100-ஐ ஒட்டியே ஓடியிருக்கிறது. பதினொரு மணி வரை அவர் நடந்துகொண்டே இருந்ததாக வாட்ச் எழுதி வைத்திருந்தது.

வாட்சின் அடியில் மின்னும் பச்சை வெளிச்சம், தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து நாடியை எண்ணுகிறது. அதற்கு மேல் எல்லாம் ஊகம். தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்பட்டால் இதயம் வேகமாக அடிக்கும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கலோரி செலவு. வேகமாக நடக்கும்போது இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். உட்கார்ந்திருக்கும்போது நிற்காது. வெயிலில் உடம்பைக் குளிரவைக்க இதயம் தோலுக்கு ரத்தம் அனுப்புகிறது. தண்ணீர் குறைந்தால் இன்னும் வேகமாக அடிக்கிறது. கடன்காரர் போன் வந்தாலும்தான்! இதில் எதுவும் கொழுப்பைக் கரைக்காது.

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இப்படி மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடியை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமானதற்கு 93.

எடை, உயரம், வயதை வைத்துப் போடும் சூத்திரப்படி, அண்ணாச்சி சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்கு 1,615 கலோரி செலவாகும். நடையும் கடை வேலையும் சேர்த்தால் 2,250 பக்கம் வரும். இதுவும் உத்தேசம்தான், ஆனால் இது தகரக் கூரையைப் பார்த்து ஏமாறாது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொரு அக்கா. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அது நாடியை அடக்கி வைக்கும் மாத்திரை. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 95-ஐத் தாண்டாது, வாட்சும் கலோரியைக் குறைத்தே காட்டும். "மாத்திரையாலதான் எரியமாட்டேங்குது" என்று தானாகவே நிறுத்திவிட்டார். நாலு நாள். நல்லவேளை, தலைவலியோடு போயிற்று. இந்த வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும், நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பு வரைகூடப் போகலாம். வாட்சில் என்ன காட்டினாலும் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்த மருத்துவரின் வேலை.

வாட்சைக் கழற்றச் சொல்லவில்லை. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, ஆடாமல் கட்டுங்கள். நடை முடிந்ததும் மறக்காமல் நிறுத்துங்கள். அதே மைதானம், அதே வேகம். சில வாரங்களில் நாடி குறைந்தால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். எடையை வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் பாருங்கள், இடுப்புக்கு ஒரு தையல்காரர் டேப் போதும்.

ஜூலையில் அண்ணாச்சி மறுபடி வந்தார். அதே சுற்றுக்கு நாடி 109, எடை ஒன்றரை கிலோ குறைவு. கலோரி காட்டும் திரையை வாட்சிலிருந்து எடுத்தே விட்டாராம். அல்வா என்னாயிற்று என்று கேட்டேன்.

"பொட்டலம் சின்னதாப் போச்சு மேடம்."