கோலுக்குப் பின்னால் 36 மீட்டர்

குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை பக்கம் கடற்கரையில் பந்து விளையாட்டு பார்க்கும் கூட்டம் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கும். முன்னால் நிற்பவர் தலை மறைத்தால், கரையேற்றிய வள்ளத்தின் மேல் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கால்பந்துக்கென்றே கட்டப்படும் ஸ்டேடியமும் இதைத்தான் செய்கிறது. ஆளைக் கிட்டே கொண்டுவருகிறது, கொஞ்சம் உயரத்தில் ஏற்றுகிறது.

கிட்டே வருவதற்கு முதல் தடை, ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத்துக்குப் போட்ட ஓடுதளம். ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து அணி ஆடும் சென்னை நேரு ஸ்டேடியத்திலும் அது உண்டு. 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். எட்டுப் பாதை என்றால் நீளவாக்கில் சுமார் 177 மீட்டர் வருகிறது. நடுவே உள்ள ஆடுகளமோ 105 மீட்டர்தான். பக்கவாட்டில் இருப்பவருக்கு 12 மீட்டர் இடைவெளியோடு போயிற்று. கோலுக்குப் பின்னால் டிக்கெட் எடுத்தவர்தான் பாவம், 36 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். எதிர்ப்பக்கம் கோல் விழுந்தால் அது அவரிடமிருந்து 140 மீட்டருக்கு அப்பால்!

அமெரிக்காவில் ஓடுதளம் அல்ல, அளவுதான் பிரச்சினை. மேஜர் லீக் சாக்கர் என்ற அந்நாட்டுக் கால்பந்து லீக்கின் அணிகள் தொடக்கத்தில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குக் கட்டிய ராட்சத அரங்குகளில் ஆடின. இருபதாயிரம் பேர் வந்தாலும் அரங்கு காலியாகத்தான் தெரியும். 1999இல் கொலம்பஸ் க்ரூ அணிக்குத் தனி அரங்கு எழுந்தபோதுதான் அந்த லீக்கில் நிலைமை மாறத் தொடங்கியது.

சரி, கிட்டே வந்தாயிற்று. அடுத்தது முன்னவர் தலை. உங்கள் கண்ணிலிருந்து எல்லைக்கோட்டுக்கு ஒரு நூல் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு 9 சென்டிமீட்டராவது மேலே போக வேண்டும். 12 என்றால் தாராளம். முன்னவரின் கண் களத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில், கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால், 80 சென்டிமீட்டர் அகலப் படிக்கு 17 சென்டிமீட்டர் உயரம் போதும். அவரே 10 மீட்டரில் இருந்தால் 34 சென்டிமீட்டர் வேண்டும். ஆக, கிட்டே வர வர கேலரி செங்குத்தாகும். முட்டி வலிக்காரர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஆட்டத்தை மேலிருந்து பார்ப்பதால், யாருக்கும் யாருக்கும் நடுவே இடைவெளி திறக்கிறது என்பது புரியும். தாழ்ந்த கேலரியிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கிடப்பதுபோல் இருக்கும்.

கூரைக்கு வெயில், மழை மறைப்பதோடு இன்னொரு வேலையும் உண்டு. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். மேலே போகும் ஆரவாரத்தைக் கூரை களத்துக்கே திருப்பி அடிக்கிறது.

அப்புறம் தரை. பெரிய அரங்குகளில் புல் வளர்வது பெரும்பாலும் மணலில்தான். அடியில் சரளைக்கல், துளையிட்ட குழாய்கள். களிமண் பூட்ஸ் மிதியில் இறுகி, தண்ணீர் இறங்க வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். மணல் அப்படி இறுகாது. சத்து தங்காததால் உரமும் தண்ணீரும் அடிக்கடி கொடுக்க வேண்டும் என்பது தனிச் செலவு. ஆனாலும் இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் வயல்மண்ணில் களம் போட்டால், ஜூனிலும் அக்டோபரிலும் அது நாற்று நடத்தான் ஆகும்.