இறங்க இறங்க ஏறும் வெயில்

தம்பி மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான். "பெரியப்பா, ஜூன் மாசம் கிராண்ட் கேன்யனுக்குள்ள தனியா இறங்கி ஒரு ராத்திரி தங்கிட்டு வரப்போறேன்." கிராண்ட் கேன்யன் என்பது அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கு. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். காரைக்குடி வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், தூணோரம் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்த என் ஆத்தா நிமிர்ந்து, "அங்க தண்ணி கெடைக்குமாப்பா?" என்றார். "கீழ ஆறே ஓடுது அப்பத்தா" என்றான் பேரன். "ஆறு ஓடட்டும், உப்பு எடுத்துக்கிட்டியா?"

எண்பது வயதைத் தாண்டியவர் கேட்ட அந்த ஒரு கேள்வி எவ்வளவு சரியானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் உப்புக்கு வருவதற்கு முன் வெயிலைப் பார்த்துவிட வேண்டும்.

நம் ஊரிலிருந்து கொடைக்கானல் போகிறோம். வத்தலக்குண்டில் வியர்த்துக் கொட்டுகிறது, மேலே ஏற ஏறக் குளிர்கிறது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம்தான், ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கே பயணம் மேலிருந்து தொடங்குகிறது. காலைக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்து, அடியில் கொலராடோ ஆற்றங்கரையை அடையும்போது உயரம் 750 மீட்டருக்கும் கீழே. ஜூலையில் விளிம்பில் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸ், அடியில் 41 டிகிரி. மலை ஏறுபவருக்குக் கஷ்டம் முதலில் வரும், முடியாவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் இறங்குபவருக்குக் கஷ்டம் கடைசியில்தான் காத்திருக்கிறது.

அடியில் மட்டும் ஏன் அவ்வளவு சூடு? சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும், விரிய விட்டால் குளிரும். கீழே இறங்கும் காற்றின் மேல் அதற்கு மேலுள்ள காற்றின் எடை கூடுகிறது, அது அமுங்குகிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகும். வெளியிலிருந்து யாரும் வெப்பம் தர வேண்டியதில்லை.

சூடான காற்று மேலே போகும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், அப்படியானால் பள்ளத்தாக்கின் சூடு ஏன் மேலே வந்து தீர்ந்துவிடுவதில்லை? நல்ல கேள்வி. காற்று மேலே வரத்தான் செய்கிறது. ஆனால் வரும் வழியிலேயே விரிந்து, அதே கணக்கில் கிலோமீட்டருக்கு 10 டிகிரி குளிர்ந்துவிடுகிறது. விளிம்புக்கு வந்து சேரும்போது அது விளிம்புக் காற்றைப் போலத்தான் இருக்கும். சூடு அடியிலேயே நிற்கிறது.

அடுத்தது பாறை. ஆற்றை ஒட்டிய உட்பள்ளத்தின் கரும்பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர். ஆமாம், நம் விஷ்ணுதான். 1880-களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர், கோபுரம் போல நின்ற பாறைச் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைத்தார். பாறைக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. வயது சுமார் 170 கோடி ஆண்டுகள். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும் இந்தப் பாறை, இரவில் அதைக் கக்குகிறது. பாலைவனத்தில் ராத்திரி குளிரும் என்று கேள்விப்பட்டிருப்போம். காற்றில் ஈரம் குறைவு, அதனால் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். விளிம்பில் அதுதான் நடக்கிறது, ஜூலை இரவிலும் 12 டிகிரி வரை இறங்கும். அடியிலோ சராசரி 25 டிகிரி. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு கீற்று வானம். ஒரு சுவர் வெளியிடும் சூட்டின் ஒரு பகுதியை எதிர்ச்சுவர் வாங்கித் திருப்பித் தருகிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் வளவே போதும். இதுவும் நாலு பக்கச் சுவருக்குள் ஒரு துண்டு வானம்தான். ஆனால் சுவர் வெளுப்பான சுண்ணாம்புப் பூச்சு, சுற்றிலும் தாழ்வாரம். உச்சி வெயில் முற்றத்தின் நடுவில் விழுமே தவிர, உள்சுவரை நேராகத் தொடாது. தடித்த சுவர் சூட்டை உள்ளே விடவே பொழுது சாய்ந்துவிடும், அதற்குள் ராத்திரிக் குளிர்காற்று திறந்த முற்றத்தின் வழியாக இறங்கித் தேங்கிவிடும். மதியம் மூன்று மணிக்கு ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலை வைத்தால் ஜில்லென்று இருப்பது அதனால்தான். தெருப்பக்க மேற்குச் சுவரில் இரவு ஏழு மணிக்குக் கை வைத்துப் பாருங்கள், அடுப்பை ஒட்டிய சுவர் மாதிரி இருக்கும். கேன்யனின் அடியில் தூங்குபவருக்கு இரண்டு பக்கமும் அந்த மேற்குச் சுவர்தான்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஒரு கணக்குப் போட்டுத் தம்பி மகனுக்கு அனுப்பினேன். அவன் எடை 70 கிலோ, பை 10 கிலோ. திரும்பும் பாதையில் ஏற வேண்டியது 1,340 மீட்டர். இந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கும் வேலை மட்டும் 250 கிலோகலோரி. ஆனால் தசை தான் எரிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, 1,000 எரித்தாக வேண்டும், மீதி 750 உடம்புக்குள் சூடாக நிற்கும். காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் தோலிலிருந்து சூடு வெளியே போகாது, வெளிச்சூடுதான் உள்ளே வரும். அப்போது உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு போகும். உயரம் ஏறுவதற்கு மட்டுமே 1.3 லிட்டர் ஆயிற்று. வெயிலின் சூடு, தூரம் நடப்பது எல்லாம் தனி. கடும் வெயிலில் ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கலாம்.

பாலைவனக் காற்றில் வியர்வை சுரந்ததுமே ஆவியாகிவிடும். சட்டை நனையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகு நனைவதைப் பார்த்து எவ்வளவு வியர்த்தோம் என்று தெரிந்துகொள்வோம். அங்கே அந்த அடையாளமே கிடையாது, சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

இப்போது ஆத்தாவின் கேள்விக்கு வருகிறேன். வியர்வையில் நீரோடு சோடியமும் போகிறது. தாகத்துக்குப் பயந்து வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துவிடும். நீர் செல்களுக்குள் புகும், மூளை வீங்கும். தலைவலி, குமட்டல், அப்புறம் குழப்பம், வலிப்பு, சில சமயம் மரணம். கிராண்ட் கேன்யனில் நடப்பவர்களுக்கு உண்மையிலேயே வரும் ஆபத்து இது. வெயில் தாக்கத்துக்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள். இரண்டிலும் புத்தி தடுமாறும். தனியாகப் போவதில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்: தடுமாறுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டியதும் தடுமாறிக்கொண்டிருக்கும் அதே புத்திதான். கூட ஒருவர் இருந்தால், "என்னப்பா, பேச்சு ஒரு மாதிரி இருக்கு" என்று உட்கார வைத்துவிடுவார்.

அதனால்தான் கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. சட்டையை நனைத்துக்கொண்டு நடப்பதும் நல்லது. வியர்வை செய்ய வேண்டிய வேலையைத் துணியின் ஈரம் செய்துவிடும். நம் ஆட்கள் தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டு களத்துமேட்டில் நிற்பதும் இதே கணக்குதான். ஆற்றில் குதித்துவிடலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. ஆற்றின் மேல்பக்கத்தில் உள்ள கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வரும் அந்தத் தண்ணீர் கோடையிலும் குளிர், இழுப்பும் அதிகம்.

இன்னொன்று, வெள்ளம். ஊருணிக்கு வரும் வரத்துக்கால் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். எங்கோ பெய்த மழை திடீரென்று அதில் ஓடி வரும், நம் தலைக்கு மேல் மேகமே இருக்காது. குறுகிய பாறை இடுக்குகளில் அது கொல்லும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் தொலைவில் பெய்த மழையால் வந்த வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். கூடாரத்தைக் காய்ந்த ஓடையில் போடக் கூடாது.

பையன் பயணத்தை நவம்பருக்கு மாற்றிக்கொண்டான். இறங்குவது தெற்குக் கைபாப் பாதை. அதில் வழியில் குடிதண்ணீர் கிடையாது, மொத்தத்தையும் சுமக்க வேண்டும். இரவு ஆற்றோர முகாம், விடியுமுன் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏற்றம். துணைக்கு அலுவலக நண்பன் ஒருவனைக் கேட்டிருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை. ஆத்தா சீப்புச் சீடையும் கைமுறுக்கும் சுட்டு, வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை உப்புக் கூட்டிப் போட்டு, டின்னில் அடைத்து வைத்திருக்கிறார். நாளைக்குக் கூரியரில் போகிறது.