பச்சையாக இருப்பதெல்லாம் கீரைக் கணக்கில் வராது

"எண்ணெயே தொடுறதில்லை மேடம். இந்தப் பச்சை சாஸ் மட்டும்தான்" என்று அந்த அம்மா சொன்னபோது, அவர் எதையும் மறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மனதார அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார். மூன்று மாதமாகப் பொரித்தது எதுவும் சாப்பிடவில்லை. ஆனால் எடை 2 கிலோ ஏறியிருந்தது.

அவருடைய உணவுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். மதியம் 'பச்சை சாஸ் – கொஞ்சம்', இரவு 'பச்சை சாஸ் – கொஞ்சம்'. உணவியல் ஆலோசகராக இத்தனை வருடம் வேலை பார்த்ததில் 'கொஞ்சம்' என்ற சொல்லைக் கண்டாலே கை தராசைத் தேட ஆரம்பித்துவிடும். அடுத்த முறை சாஸையும், வீட்டில் பரிமாறுகிற அதே கரண்டியையும் எடுத்துவரச் சொன்னேன்.

கொண்டுவந்தார். ஒரு கரண்டி அள்ளித் தராசில் வைத்தேன். 40 கிராம்.

அந்த சாஸில் இருப்பது இதுதான்: பார்ஸ்லி (கொத்தமல்லி போலிருக்கும் வாசனை இலை) 30 கிராம், ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி, பூண்டு இரண்டு பல், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் உப்பு. மிக்ஸியில் ஒரு சுற்று, அவ்வளவுதான். பார்ஸ்லிக்குப் பதில் துளசி வகையான பேசில் போட்டு, பைன் கொட்டையும் சீஸும் சேர்த்தால் இத்தாலியின் பெஸ்டோ. ஓரிகானோவும் வினிகரும் சேர்ந்தால் அர்ஜென்டினாவின் சிமிச்சூரி. பெயர் மாறும், அடிப்படை ஒன்றுதான்: எண்ணெயில் மிதக்கும் வாசனை இலைகள்.

கணக்கை அவர் முன்னாலேயே காகிதத்தில் போட்டேன். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சுமார் 13.5 கிராம், 119 கலோரி. ஆறுக்கு 714. இலை, பூண்டு, எலுமிச்சை மூன்றும் சேர்ந்து 25 கலோரிகூட வராது. ஆக, அந்தப் பாத்திரத்தில் உள்ள கலோரியில் 97 சதவீதம் எண்ணெயிலிருந்துதான் வருகிறது. ஒரு மேசைக்கரண்டி சாஸுக்கு ஏறக்குறைய 80 கலோரி. அவருடைய கரண்டிக்கு 215-க்கு மேல். தினமும் இரண்டு கரண்டி.

"ஆனா ஆலிவ் எண்ணெய் நல்லதுதானே?" என்றார். நல்லதுதான். ஆனால் கொழுப்பு எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. அந்த விஷயத்தில் ஆலிவ் எண்ணெய்க்கு எந்தச் சலுகையும் கிடையாது.

நன்மை எங்கே இருக்கிறது என்றால், அதன் கொழுப்பின் அமைப்பில். மேசைக்கரண்டிக்குச் சுமார் 10 கிராம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, பெரும்பாலும் ஒலியிக் அமிலம். வெண்ணெயில் அதிகமாக இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு இதில் 2 கிராமுக்கும் குறைவு. வைட்டமின் ஈ கிட்டத்தட்ட 2 மில்லிகிராம். வெண்ணெயோ கிரீமோ இருந்த இடத்தில் இது வந்தால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். குறையும். 'இருந்த இடத்தில்' என்பதை நான் எப்போதும் அடிக்கோடிட்டுத்தான் எழுதிக் கொடுப்பேன். ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய்கள் இதய நோய் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்று லேபிளில் போட்டுக்கொள்ள அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் அனுமதித்தபோதும் இதே நிபந்தனையைத்தான் வைத்தது: நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும், மொத்தக் கலோரி கூடக் கூடாது. அந்த அம்மா எதற்கும் பதிலாக எடுக்கவில்லை. வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஊற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நன்மை எக்ஸ்ட்ரா வர்ஜின் வகைக்கு உரியது. பழத்தைச் சூடோ ரசாயனமோ இல்லாமல் பிழிந்தது, அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகாதது. இதில்தான் பாலிஃபினால்கள் என்ற தாவரப் பொருள்கள் தங்கியிருக்கும். நல்ல எண்ணெயை அப்படியே ஒரு மிடறு விழுங்கினால் தொண்டையில் சுருக்கென்று காரல் எடுக்கும், சிலருக்கு இருமல்கூட வரும். கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்! அந்தக் காரலுக்குக் காரணம் ஒலியோகாந்தல் என்ற பொருள். அது இபுப்ரோஃபென் மாத்திரை வேலை செய்கிற அதே நொதிகளைத் தடுக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். உடனே தலைவலிக்கு சாஸ் சாப்பிடக் கிளம்ப வேண்டாம். நாம் ஊற்றும் அளவில் அது மாத்திரைக்கு ஈடாகாது. சுத்திகரித்த 'லைட்' வகையில் இந்தப் பாலிஃபினால்கள் பெரும்பாலும் போய்விடுகின்றன. கலோரி மட்டும் அப்படியே இருக்கும். 'லைட்' என்றது நிறத்தையும் சுவையையும்தான்.

சரி, இலைக்கு வருவோம். 100 கிராம் பார்ஸ்லியில் வைட்டமின் சி 130 மில்லிகிராமுக்கு மேல், இரும்பு 6 மில்லிகிராம் என்று பட்டியல் அமர்க்களமாக இருக்கும். ஆனால் நம் மேசைக்கரண்டி சாஸில் இருக்கும் இலை 3 கிராம் சொச்சம். அதற்குக் கிடைப்பது வைட்டமின் சி 5 மில்லிகிராம் அளவு, அதுவும் அரைத்த உடனே சாப்பிட்டால். நார்ச்சத்து 0.1 கிராம். இரும்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு: வைட்டமின் கே. அந்த 3 கிராம் இலையிலேயே 50 மைக்ரோகிராமுக்கு மேல் வந்துவிடும். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 90, ஆணுக்கு 120 போதும் என்பது அமெரிக்க அளவுகோல். இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் கூடவே எண்ணெய் இருப்பது உடம்பு அதை உறிஞ்சத் தோதாக இருக்கிறது. காய்கறியின் மேல் இந்த சாஸைப் போட்டால் காயில் உள்ள கரோட்டின்களும் கூடுதலாகச் சேரும். கீரைக்கு இது மாற்றாகாது, ஆனால் காயும் கீரையும் உடம்பில் சேர நன்றாகவே கைகொடுக்கும்.

இந்த வைட்டமின் கே விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் ஒருவர் என்னிடம் வந்தார். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை, ஆனால் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கிக்கொண்டே போயிற்று. விசாரித்தால், உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி அந்த மாதம்தான் பார்ஸ்லி சாஸை நாலைந்து கரண்டியாகச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். வார்ஃபரின் வேலை செய்வதே, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான். இந்தப் பக்கம் தடுக்க, அந்தப் பக்கம் இவர் ஊற்ற, ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அதற்காக இலையையே ஒதுக்க வேண்டியதில்லை. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு, மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. எது உங்களுடையது என்று சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும் பாட்டிலாக இருந்தால் திருப்பிப் பொருட்பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும். முன்பக்கம் ஆலிவ் படம் இருக்கும், பட்டியலில் முதலில் சூரியகாந்தி எண்ணெய் இருக்கும். அப்புறம் சோடியம், அதாவது உப்பின் கணக்கு. நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சீஸ் சேர்ந்த சாஸ் அதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும்.

சத்தை விட எனக்கு அதிகக் கவலை தருவது, பூண்டு போட்ட சாஸை வாரக்கணக்கில் வெளியே வைப்பது. பூண்டிலும் இலையிலும் மண்ணிலிருந்து வந்த கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். எண்ணெய்க்குள் காற்று புகாது, அந்தக் கிருமிக்கு வேண்டியதும் அதுதான். 1985-இல் கனடாவின் வான்கூவரில், குளிரூட்டாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேருக்கு, இந்தக் கிருமியின் நச்சு தசைகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நோய் வந்தது. வாசனையோ நிறமோ எச்சரிக்காது. ஒரு பிழி எலுமிச்சை காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள், வீட்டில் அமில அளவைச் சரிபார்க்க வழியில்லை. அரைத்த உடனே ஃப்ரிட்ஜ், நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிச்சம் ஃப்ரீசருக்கு. குளிரில் எண்ணெய் உறைந்து வெண்மையாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதை வைத்து எண்ணெயின் தரத்தையும் சொல்ல முடியாது.

அந்த அம்மாவுக்கு சாஸை நிறுத்தச் சொல்லவில்லை. இலையை 60 கிராமாக ஏற்றி, எண்ணெயை 3 மேசைக்கரண்டியாகக் குறைத்து, குறையும் ஈரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விடச் சொன்னேன். மேசைக்கரண்டிக்கு 43 கலோரி அளவுக்கு இறங்கியது. வைட்டமின் கே இரண்டு மடங்கு ஏறியது. அவர் வார்ஃபரின் எடுப்பவர் இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகுதான் இதைச் சொன்னேன். "முன்ன மாதிரி வழவழன்னு இல்லை" என்று குறைப்பட்டார். உண்மைதான், இருக்காது.

இப்போது ஐஸ் தட்டில், குழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் அளந்து ஊற்றி உறைய வைக்கிறார். போன வாரம் குறிப்பேட்டைக் காட்டினார். 'கொஞ்சம்' இருந்த இடத்தில் 'மதியம் கட்டி 1, இரவு கட்டி 1' என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் 3.